பழம் குடித்த தண்ணீர்

சத்தியவேடு
12.5.2025

அன்புள்ள சேனாவுக்கு,

தாட்சாயணி எழுதுவது. இங்கே நானும் அவரும் மோனிகாவும் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் கட்டைவிரல் பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு லேபுக்குள் போய்விடுவாய். ஹாஸ்டல் நாளில் லீவுக்கு லீவு நான்கு பக்கம் எழுதியவள் நீ. அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

நாங்கள் ஒயின் கம்பெனிக்குத் திராட்சை போடுவது உனக்குத் தெரியும். இந்த வருஷம் எங்கள் பழத்தை வேறு யாருடைய பழத்தோடும் சேர்க்காமல் தனியாக ஒயின் ஆக்கியிருக்கிறார்கள். பாட்டிலில் ‘தாட்சாயணி தோட்டம், சத்தியவேடு’ என்று போடுவார்களாம். அவர் பெயரைத்தான் போடச் சொன்னேன். “செடிகிட்ட நின்னுக்கினு இருந்தது நீதானே” என்று சொல்லிவிட்டார். மேனேஜர் ருசி பார்க்கக் கொடுத்ததை நான் தொடவில்லை. அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, “புளிச்ச ரசம் மாதிரி கீது. இதுக்கா இவ்ளோ பாடு” என்றார்.

வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டுமானால், எங்கள் நிலத்தில் விளைந்ததுதான் என்று திருப்பதியில் ஒரு லேபில் சான்று வாங்க வேண்டுமாம். அது உன் லேபாக இருந்தால் எனக்குச் சந்தோஷம். தை மாதம் இந்தப் பழத்துக்காக நாங்கள் பட்டதைத் தாளில் எழுத முடியாது. நேரில் வா, சொல்கிறேன். வருகிறேன், வருகிறேன் என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய்.

உன்
தாட்சா


திருப்பதி
20.7.2025

அன்புள்ள தாட்சா,

இதை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. உங்கள் ஒயின் என் லேபுக்குத்தான் வந்தது. பெயர் இல்லாமல், வெறும் எண்ணோடு வந்தது. சோதித்தேன், அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். இரண்டு வாரம் கழித்துத்தான் அது உன் தோட்டம் என்று தெரிந்தது.

தண்ணீரில் கனமான தண்ணீர் கொஞ்சம் கலந்திருக்கும். ஊருக்கு ஊர் அந்த அளவு மாறும். பழம் குடித்த தண்ணீர் ஒயினிலும் இருக்கும். ஸ்ட்ரான்சியம் என்று ஒன்று மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறும். உங்கள் செம்மண்ணில் அது ஒரு விதம், மகாராஷ்டிரத்து எரிமலைப் பாறை நிலத்தில் இன்னொரு விதம். உங்கள் மண்ணையும் போர்த் தண்ணீரையும் கம்பெனி முன்பே எடுத்து வைத்திருந்தது. ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒயினின் எண்கள் உங்கள் ஊருக்கும் மகாராஷ்டிரத்துக்கும் நடுவில் நிற்கின்றன. பாதிப் பழம்தான் உங்களுடையது. மீதி மேற்கிலிருந்து வந்தது என்று எழுதியிருக்கிறேன்.

ஏன் தாட்சா இப்படிச் செய்தீர்கள்? விளைச்சல் குறைந்துவிட்டதா? என்னிடம் சொல்லக் கூடாதா?

சேனா


சத்தியவேடு
3.8.2025

சேனாவுக்கு,

உன் கடிதத்துக்கு முன்பே கம்பெனி ஜீப் வந்துவிட்டது. களத்துமேட்டில் எல்லார் முன்னாலும் மேனேஜர், “இதி மீ தோட்ட பண்டு காதண்டி” என்றான். “எங்க தோட்டத்துப் பழம் இல்லாம வேற எது? இந்தக் கையால பறிச்சேன்யா” என்று அவர் கையை நீட்டிக் காட்டினார். அந்த ஆள் பார்க்கவே இல்லை. ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு, வாசலில் அவர்களே நட்ட ‘தாட்சாயணி தோட்டம்’ போர்டையும் பிடுங்கிப் போனார்கள்.

வெளியிலிருந்து ஒரு குலைகூட நாங்கள் வாங்கவில்லை. இதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது, நீயும் கேட்காதே. ஏன் செய்தீர்கள் என்று கேட்டாய். செய்தீர்களா என்று கேட்கவில்லை.

தாட்சாயணி


திருப்பதி
17.8.2025

தாட்சா,

உன் கோபம் புரிகிறது. ஆனால் மூன்று முறை சோதித்தேன், மூன்று முறையும் ஒரே எண்தான். கருவிக்கு உன்னையும் தெரியாது, என்னையும் தெரியாது. வாங்கவில்லை என்கிறாய், அதற்கு மேல் சொல்ல மாட்டேன் என்கிறாய். சொல்ல முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது என்றால் நான் என்ன நினைப்பது? சிநேகிதி என்பதற்காக அறிக்கையை மாற்ற முடியாது.

சேனா


திருப்பதி
9.11.2025

அன்புள்ள தாட்சா,

நீ பதில் போடவில்லை, போனையும் எடுப்பதில்லை. போன மாதம் உன்னைப் பார்க்க வந்தேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து நிலத்துச் சின்னப்பன், “அவங்க ஊர்ல இல்லீங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். தோட்டத்துப் பக்கம் நடந்தேன். பந்தல் கல்தூண்கள் மட்டும் நின்றன, கொடிகள் இல்லை.

தோட்டத்தின் பின்பக்கம் நூறு அடியில் கிருஷ்ணா கால்வாய் போவது எனக்குத் தெரியாது. கரையில் குழாய் இழுத்த தடம் ஒன்று புல் முளைக்காமல் கிடந்தது. என் பாட்டிலில் இருந்த குடிதண்ணீரைக் கொட்டிவிட்டுக் கால்வாய்த் தண்ணீரைப் பிடித்து வந்தேன்.

அது மகாராஷ்டிரத்து எரிமலைப் பாறைகளில் ஊறி இறங்கி வருகிற தண்ணீர். சோதித்தேன். உங்கள் போர்த் தண்ணீரின் எண் ஒரு பக்கம், கால்வாயின் எண் மறுபக்கம், நடுவில் உங்கள் ஒயின். வெளிப்பழம் ஒன்றும் இல்லை. நடுவில் ஒரு எண்ணைப் பார்த்ததும் இரண்டு ஊர்ப் பழம் என்றே நினைத்தேன். ஒரே கொடி இரண்டு தண்ணீரைக் குடித்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். மற்றவர்கள் தோட்டம் என்றால் கையெழுத்துப் போட்ட பிறகும் என் அறிக்கையையே சந்தேகப்பட்டிருப்பேனோ என்னவோ, உன் தோட்டம் என்று தெரிந்த பிறகு சந்தேகப்பட்டால் பாரபட்சம் ஆகிவிடுமோ என்று பயந்தேன்.

அறிக்கையைத் திருத்தித் தருகிறேன். ஆனால் காரணம் எழுத வேண்டும், கால்வாயின் பெயரை எழுத வேண்டும். நீ சரி என்றால்தான் எழுதுவேன். என்னை மன்னித்துவிடு என்று கேட்கவும் கூச்சமாக இருக்கிறது.

உன்
சேனா


சத்தியவேடு
2.12.2025

சேனாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அறிக்கையில் எதுவும் எழுத வேண்டாம். நீயே கண்டுபிடித்துவிட்டதால் சொல்கிறேன், படித்ததும் இதைக் கிழித்துவிடு.

தையில் போரில் தண்ணீர் நின்றுவிட்டது. பழம் நிறம் மாறுகிற நேரம். எங்களுக்கு மட்டும் இல்லை, பதினோரு வீட்டுக்காரர்களின் பயிரும் காய்ந்தது. சின்னப்பன் மோட்டாரில்தான் எல்லாரும் ராத்திரியில் கால்வாயிலிருந்து இழுத்தோம். மெட்ராஸுக்குப் போகிற குடிதண்ணீர் அது, பயிருக்கு எடுத்தால் குற்றம். அவன் மேல் ஏற்கெனவே ஒரு வழக்கு இருக்கிறது. நீ எழுதினால் எங்கள் பெயர் சரியாகும், அவன் ஜெயிலுக்குப் போவான். உன் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். “நாம ஏமாத்தினோம்னே இருக்கட்டும், வுடு” என்றார். வாங்க ஆள் இல்லாததால்தான் கொடியை வெட்டினோம். இப்போது வேர்க்கடலை போட்டிருக்கிறோம்.

நீ மெஷினை நம்பியதில் எனக்கு வருத்தம் இல்லை, அது உன் வேலை. எங்கள் தோட்டம் என்று தெரிந்த அன்றைக்கே பஸ் ஏறி வந்து என் எதிரில் உட்கார்ந்திருந்தால், உன்னிடம் மட்டும் சொல்லியிருப்பேன். அப்போது தாளில் எழுதினாய். எழுதிய தாளில் இதை நான் எப்படிச் சொல்ல முடியும்?

மோனிகாவுக்கு நாயுடுபேட்டையில் வரன் முடிந்திருக்கிறது. தையில் திருச்சானூரில் கல்யாணம். வெற்றிலை பாக்குத் தட்டோடு உன் வீட்டுக்கு வந்து, முதல் பத்திரிகையை உன் கையில் கொடுக்க வேண்டும் என்று அவள் பிறந்த நாளிலிருந்து நினைத்திருந்தேன். மனசு வரவில்லை.

பத்திரிகை தபாலில் வரும்.

தாட்சாயணி நாகபூஷணம்