அடியில் தங்கியது

மார்ச் 4

காலையிலிருந்து தலைவலி. காரணம் தராசு. ஆய்வகத்தில் பக்கத்து மேசைக்காரன், ஒரு வார்த்தை பேசுவதற்குள் நாலு முறை எடைபோடுவான், அதனால் அந்தப் பெயர். என் பழைய சோதனையைத் திருப்பிச் செய்து பார்க்கும்படி ஆய்வகத்தை நடத்தும் மேடம் அவனிடம் கொடுத்திருந்தார். அவனுக்கு வந்த விடை எனக்கு வந்ததற்கு நேர் எதிர்.

குழாயை மாற்றி எடுத்திருப்பான். வேறென்ன.

மார்ச் 5

மாற்றவில்லையாம். "லேபிள் நீங்க எழுதினதுதான்" என்றான். முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிறவனாகத் தெரியவில்லை. அதுதான் எரிச்சல்.

மார்ச் 7

அக்காவுக்குப் புரியவைத்த மாதிரியே எனக்கும் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். தசைக்குள் இரண்டு புரதங்கள். பெரியவன், சின்னவன் என்று வைத்துக்கொள்வோம். பெரியவன் சின்னவனைப் பிடிப்பான், வேலை முடிந்ததும் விடுவான். அக்காவின் உடம்பில் பெரியவனுக்கு ஓரிடத்தில் வடிவம் கோணல். அந்தக் கோணலனால் சின்னவனைப் பிடிக்க முடியவில்லை, அதனால்தான் தசை தேய்கிறது — இது நான் கண்டுபிடித்தது. கட்டுரையாகவும் வந்தது. அதை நம்பித்தான் இரண்டு பேரையும் இறுக்கிப் பிடித்துவைக்கும் மருந்தைச் செய்திருக்கிறார்கள். அடுத்த மாதம் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கப் போகிறார்கள். முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவள் அக்கா.

தராசின் விடைப்படி, கோணலன் சின்னவனைப் பிடித்தால் விடுவதே இல்லை. அப்படியென்றால் அந்த மருந்து... எழுதக் கை வரவில்லை.

மார்ச் 8

இல்லை. அவன்தான் தப்பு.

மார்ச் 11

நானே மறுபடி செய்தேன். என் விடைதான் வந்தது. அப்பாடா என்று உட்கார்ந்தேன். மாலையில் தராசும் செய்து முடித்தான். அவனுக்கு அவன் விடை. ஒரே புரதம், ஒரே கரைசல், பக்கத்துப் பக்கத்து மேசை. பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது. புரதம் ஆள் பார்த்து நடக்குமா என்ன?

மார்ச் 12

அக்கா வீடு. மாடிப்படியின் கைப்பிடியை இழுத்து இழுத்து ஏறினாள். பின்னால் நான், துணிக்கூடையோடு. "இன்னும் ஒரு மாசம். அப்புறம் நீ முன்னாடி ஏறு, நான் பின்னாடி நின்னு விரட்டறேன்" என்று சிரித்தாள். என் கட்டுரையில் வந்த புரதப் படத்தைச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். "இதென்ன, சிக்கு விழுந்த நூல்கண்டா?" என்று அத்தான் கேட்டாராம்.

சொல்ல வாயெடுத்தேன். ஆனால் என்னத்தைச் சொல்ல? எனக்கே தெரியாததையா?

மார்ச் 14

இன்று தராசின் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். செல்களை உடைத்தான், அப்படியே அடுத்த வேலைக்குப் போனான்.

"சென்ட்ரிஃப்யூஜ்ல சுத்தலையா?"

"சுத்தினா பாதி காணாமப் போகுது. அதான் சுத்தறதில்லை."

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"குழாயை மாத்தினியான்னுதான் கேட்டீங்க. அதுக்கு பதில் சொன்னேன்."

அடிக்கலாம் போலிருந்தது. நான் எப்போதும் குழாயை அந்த இயந்திரத்தில் வைத்து வேகமாகச் சுற்றுவேன். மேலே தெளிந்ததை எடுத்துக்கொண்டு, அடியில் தங்கும் வண்டலைக் கொட்டிவிடுவேன். எல்லோரும் அப்படித்தான், அது குப்பை. இன்று அந்தக் குப்பையைக் கரைத்துப் பார்த்தேன். இரண்டு பேரும் அங்கேதான் இருக்கிறார்கள், பிரிக்க முடியாதபடி உருண்டு திரண்டு. மேலே மிஞ்சியது சின்னவன் கிடைக்காத கோணலன் மட்டும்; அதைப் பார்த்துத்தான் 'பிடிக்க முடியவில்லை' என்று எழுதியிருக்கிறேன். அவனை மட்டும் எப்போதும் கூடுதலாக ஊற்றித்தான் அளவைச் சரிக்கட்டுவேன். ஏன் குறைகிறது என்று ஒருநாளாவது கேட்டேனா?

மார்ச் 15

இன்னும் புரியவில்லை. இந்த உருண்டை, குழாயில் மட்டும் நடக்கும் கூத்தாக இருந்தால்? உடம்பிலும் இப்படித்தானா? நான் சொன்னது சரியென்றால் அது அக்காவுக்கு மருந்து. தராசு சரியென்றால் விஷம். ரெண்டு பேருமே தப்புன்னா? ஐயோ, யார்கிட்டப் போய்க் கேக்கறது?

பயமாக இருக்கிறது.

மார்ச் 17

மேடமிடம் சொன்னேன்.

"நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியாது மேடம்."

"நிச்சயமில்லாம எப்படிம்மா நிறுத்தச் சொல்றது?"

"நிச்சயமில்லாம எப்படி மேடம் கொடுக்கறது?"

என் குரல்தானா அது? மேடம் என் குறிப்பேட்டை இழுத்துப் புரட்டினார். "நோயாளியோட தசை கிடைச்சாத்தான் தெரியும். மருந்தையும் நிறுத்திட்டு, சதையையும் கேட்டா யார் கொடுப்பாங்க?" என்றார். பிறகு போனை எடுத்தார்.

மார்ச் 18

மருந்துச் சோதனையைத் தள்ளிவைத்துவிட்டார்கள். அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன். ஏன் என்று சொன்னேன், அடியில் இருந்ததைக் கொட்டியது உட்பட. தசை வேண்டும், தொடையில் தடித்த ஊசி போட்டு எடுப்பார்கள் என்பதையும் சேர்த்தே உளறிவிட்டேன். எனக்கு நேரம் காலம் தெரியாது.

"இந்தத் தப்பை வேற யாராவது பண்ணியிருக்கக் கூடாதாடி?"

அவ்வளவுதான் கேட்டாள். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். படம் சுவரிலேயே இருந்தது.

மார்ச் 21

அக்கா போனை எடுக்கவில்லை.

மார்ச் 25

எடுக்கவில்லை. அத்தான்தான் எடுத்தார். "கொஞ்ச நாள் விடும்மா" என்றார்.

ஏப்ரல் 2

மருத்துவமனையிலிருந்து ஒரு தசைத்துண்டு வந்தது. பனிக்கட்டிப் பெட்டி, சின்னக் குழாய், பெயர் இல்லாமல் ஓர் எண். யாரோ ஒருவர் கொடுத்திருக்கிறார். வந்ததுமே அரைத்துக் கரைசலில் போட்டேன். சுற்றி முடித்து சென்ட்ரிஃப்யூஜ் நின்றது. குழாயைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தபோது போன் அடித்தது.

அக்கா.

"தொடை வலி உயிர் போகுதுடி" என்றாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு குழாயை இரண்டு கையாலும் பிடித்தேன். "லைன்ல இருக்கியா? இந்தத் தடவையாவது அடியில இருக்கறதைக் கொட்டித் தொலைக்காதே."

கொட்டவில்லை.