நாலு மூலை, நூறாவது மாடி

மே 11, ஞாயிறு

சலவைக் கடைக் கதவில் ‘ஒரு வாரம் விடுமுறை’ என்று ஒட்டிவிட்டு வந்தாயிற்று. கடை வைத்த பிறகு இதுதான் முதல் முறை. பஸ் பாலத்தில் ஏறியதும் தெரிந்துவிட்டது. இஸ்திரி மேஜைக்கு மேல் வருடக்கணக்காகத் தொங்கும் படத்தில் இருக்கிற அதே கட்டடம்! ஊரே அதன் முழங்காலுக்குக் கீழேதான் இருக்கிறது. “ஏங்க, அங்க பாருங்க!” என்று இவரை உலுக்கினேன். தூங்குகிறாராம். தூங்குகிறவர் எதற்கு முன் சீட்டுக் கம்பியை அப்படி இறுக்கிப் பிடிக்க வேண்டும்?

தங்கல் நாத்தனார் வீட்டில். அண்ணி, அண்ணி என்று உயிரை விடுகிறாள்.

மே 12, திங்கள்

நாளைக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. நூறாவது மாடியில் கண்ணாடி மண்டபம். இவரோடு நின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. தனியாகப் பார்க்கக் கடையில் இருக்கிற படமே போதுமே.

மே 13, செவ்வாய்

காலையிலேயே இவருக்கு முழங்கால் வலி. நேற்றுக் கடைத்தெருவைச் சுற்றிச் சுற்றி வந்த கால்!

“நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. நான் இங்க மொட்டை மாடியிலேருந்து கை காட்டறேன்.”

நாங்கள் கிளம்பினோம். கதவைச் சாத்தும்போது மட்டும் கொஞ்சம் பலமாகச் சாத்தினேன்.

லிப்ட் வரிசையில் நாத்தனார் போட்டு உடைத்தாள். “அண்ணனுக்கு உயரம்னா பயம் அண்ணி. சின்ன வயசுல தண்ணித் தொட்டி ஏணியில ஏறிட்டு இறங்கத் தெரியாம அழுதுச்சு. தெருவே கூடி இறக்குனாங்க. உங்ககிட்ட சொன்னதேயில்லையா?”

இல்லை. வீடும் தரைத்தளம், கடையும் தரைத்தளம். பரணிலிருந்து எதை எடுப்பதானாலும் என்னைத்தான் ஸ்டூலில் ஏற்றுவார். “உனக்குத்தான் கை நீளம்” என்பார். என்னைவிட ஒரு சாண் உயரமான மனுஷன்! நானும் பெருமையாக ஏறிக்கொண்டிருந்திருக்கிறேன், அசடு.

மேலே போய் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். ஆறு, பாலங்கள், ஊர்ந்து போகும் ரயில். தொலைநோக்கியில் நாத்தனார் வீட்டைத் தேடினோம். மஞ்சள் தண்ணீர்த் தொட்டியை வைத்து அவளே கண்டுபிடித்தாள். மொட்டை மாடியில் ஏதோ வெள்ளையாக விரிந்தது, சுருங்கியது. படுக்கை விரிப்பு! கை காட்டினால் தெரியாதென்று விரிப்பை உதறுகிறார். இரண்டு உதறு, ஒரு நிறுத்தம், மறுபடி இரண்டு உதறு. கடையில் உதறுகிற அதே கணக்கு. மாடிக்கு நட்டநடுவில்தான் நின்றார், கைப்பிடிச் சுவர்ப் பக்கமே போகவில்லை. இருந்தாலும் அது நாலாவது மாடி.

கோபம் போன இடம் தெரியவில்லை. அழுதுவிட்டேன்.

மே 14, புதன்

“தெரிஞ்சுதா?” என்று மட்டும் கேட்டார். “நல்லாத் தெரிஞ்சுது” என்றேன். சாப்பிட்டுக் கை கழுவும்போது, “நாளைக்கு நானும் வரேன். சிரிக்கக் கூடாது” என்றார்.

மே 15, வியாழன்

சிரிக்கவில்லை. சத்தியமாக.

லிப்டில் என் கையை இறுக்கியதில் நகம் பதிந்துவிட்டது. மேலே கதவு திறந்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டார். “இங்கேருந்தே நல்லாத் தெரியுது” என்றார், கண்ணை மூடிக்கொண்டு.

என்ன செய்வது? கையைப் பிடித்து இழுக்கவா? சின்னப் பிள்ளையா அவர்? எனக்கு என்ன தோன்றியதோ, கண்ணாடியருகே போய் நின்று, இவர் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் நீட்டினேன், விரிப்பின் மூலைகளைப் பிடித்திருப்பதுபோல.

“பிடிங்க. மடிக்கணும்.”

“பைத்தியமா உனக்கு? நாலு பேர் பாக்கறாங்க.”

“வேலை கிடக்குது. பிடிங்க.”

பிடித்தார். இல்லாத விரிப்பை இரண்டு முறை உதறினோம். நீளவாக்கில் மடித்தோம். அடுத்து அவர் என்னை நோக்கி நடந்து வந்து மூலைகளை என் கையில் தர வேண்டும். எத்தனை ஆயிரம் விரிப்பு மடித்த கால்கள்! என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்து, மூலைகளைக் கொடுத்தார். அப்புறம்தான் என் தோளுக்கு மேலே பார்த்தார்.

“அடேயப்பா” என்றார். திரும்பிப் போகவில்லை. சேர்ந்து பார்த்தோம். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மே 19, திங்கள்

கடையில் சலவை உருப்படிகள் மலையாய்க் குவிந்து கிடக்கின்றன. படத்தைக் காட்டி ஒரு வாடிக்கைக்காரர், “ஏறினீங்களா?” என்று கேட்டார். “மேல என்னா காத்து சார், ஆளையே தூக்குது!” என்கிறார் இவர். சுற்றிலும் கண்ணாடி, எங்கிருந்து காற்று? நான் அடுத்த விரிப்பை எடுத்து உதறினேன்.

சாயங்காலம் பரணிலிருந்து சோப்புப் பெட்டி எடுக்க ஸ்டூலை இழுத்தேன்.

“தள்ளு. உனக்குக் கை எட்டாது” என்று அவரே ஏறினார்.

நான் ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.