சட்டத்துக்கு முன்னால் போனவர்

அன்புள்ள அப்பாவுக்கு,

மூட்டுவலி தேவலையா? நான் நலம். சூம்பிய காலுக்கு மாட்டும் காலிபரை நானே செய்யுமளவுக்கு வேலை கைவந்துவிட்டது.

நேற்று பயிற்சிப் பட்டறையில் ஒரு கூத்து. என் காலிபரைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தவள், டீக்கு மணி அடித்ததும் பெஞ்சில் கிடந்த யாருடையதையோ மாட்டிக்கொண்டு எழுந்தேன். அது என்னுடையதைவிட ஒரு சாண் நீளம். விழுந்தேன். அடி ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள். பட்டாளத்தில் ஒரு காலை இழந்த பக்கத்து மேசைக்காரர்தான் சிரித்துக்கொண்டே தூக்கிவிட்டார்.

டீ குடிக்கும்போது அவர் சொன்னார்: "காலிபர் குடுத்து, தொழில் கத்துக்குடுக்கிற சட்டத்தை முதல்ல எங்களுக்குத்தாம்மா போட்டாங்க. அப்புறம் மில்லுல அடிபட்டவங்களுக்கு. பிறவியிலேயே உன்ன மாதிரி இருக்கிறவங்களுக்குப் போட்டு பத்து வருஷம்தான் ஆகுது."

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன், அப்பா. ஏழு வயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, எனக்குக் காலிபர் கேட்டு அந்த ஆபீசுக்குப் போனீர்களே. "சண்டையில அடிபட்டாளா, மெஷின்ல அடிபட்டாளா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்களே. 'எனக்குப் பேசத் தெரியவில்லை' என்று இன்றுவரை உங்களையே நொந்துகொள்கிறீர்கள். உங்கள் பேச்சில் ஒரு குறையும் இல்லை. சட்டம் வருவதற்கு முன்னாலேயே நீங்கள் எனக்காகப் போய் நின்றுவிட்டீர்கள், அவ்வளவுதான்.

இங்கே தலையணை சரியில்லை. உங்கள் தலையணை உறை ஒன்றை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

மணி அடித்துவிட்டது. என் காலிபர்தானா என்று பார்த்து மாட்டிக்கொண்டு ஓடுகிறேன்.

உங்கள் தோளில் வந்த மகள்