போய்ட்டு வாரேன் என்றதற்குக் கிடைத்தது

புதுக்கோட்டை, 1958

அன்புள்ள அப்பாவுக்கு,

சலேத் வணக்கத்துடன் எழுதுவது. ஆவூரில் நீங்களும் அம்மாவும் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். அம்மாவின் இருமல் குறைந்ததா? இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, இந்த இங்கிலீஷைத் தவிர.

விடுதியில் எதையும் இங்கிலீஷில்தான் கேட்க வேண்டும். அக்கா நிச்சயத்துக்கு லீவு கேட்க, விடுதியை நடத்தும் மதரிடம் போய், ‘கேன் ஐ கோ’ என்றேன்.

“கால் இருக்குல்ல, போக முடியும். அனுமதி கேக்குறியா இல்லையா?” திட்டுவது மட்டும் தமிழில்.

‘மே ஐ கோ’ என்று மாற்றினேன்.

“யாரு கூட்டிட்டுப் போவாங்க?”

அப்பா வந்தால் அனுப்புவீர்களா என்று கேட்க வேண்டும். இலக்கண வகுப்பில் சொன்னபடி, ‘வில்’ என்றால் மரியாதை போதாதாம். ‘வுட்’ என்றால் நீங்கள் வருவதே சந்தேகம் என்றாகிவிடுமாம். பயத்தில், வீட்டில் பெரியவர்களிடம் சொல்லும் “போய்ட்டு வாரேன்” என்பதை அப்படியே ‘ஐ வில் கோ அண்ட் கம்’ என்று இங்கிலீஷாக்கிச் சொல்லிவிட்டேன்.

“ஓகோ, நீயே முடிவு பண்ணிட்டியா?” லீவு கிடையாது என்றுவிட்டார். பணிவாகச் சொன்னது திமிராகிவிட்டது! கெஞ்சுவதற்கு எத்தனை வார்த்தைதான் படிப்பது?

நான் அழவில்லை. தேங்காயெண்ணெய் கொஞ்சம் கொண்டு வாருங்கள். தலைக்குத் தேய்த்துவிடத்தான் ஆளில்லை. விடுதிக் கடிதங்களை மதர் படித்துவிட்டுத்தான் அனுப்புவார். அதனால் இதை ஒளித்து எழுதுகிறேன். வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் தெய்வானை நாளை தபாலில் போடுவாள்.

வெள்ளிக்கிழமை நீங்களே வந்து தமிழில் கேளுங்கள். உங்களை மதர் திருத்த மாட்டார். யாரோ நடந்து வரும் சத்தம், விளக்கை அணைக்கிறேன். ‘வந்தால்’ என்று நான் எழுதவில்லை, அப்பா. வாருங்கள்.

சலேத்