பேனரில் இருப்பது என் மகள், காணாமல் போனது சுஷ்மிதா

அனுப்புநர்
கோ. பூபாலன் (வயது 44),
த/பெ. கோவிந்தன்,
கம்பெனி பஸ் ஓட்டுநர்,
பள்ளிக்கூடத் தெரு, கல்மேடு கிராமம்,
மாமல்லபுரம் வழி, செங்கல்பட்டு மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
செங்கல்பட்டு.

பொருள்: சிறுமி சுஷ்மிதா (வயது 16) கிடைத்துவிட்டதாகத் தவறுதலாக முடிக்கப்பட்ட புகாரை மீண்டும் எடுத்து, அவளைத் தேடித் தர வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: சிறுமியின் தாயார் காசியம்மாள் 08.08.2025 அன்று கொடுத்த புகாருக்கான மனு ரசீது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எடுத்தவுடன் என் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். இணைப்பில் உள்ள "காணவில்லை" பேனரில், கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு, கும்பிட்ட கையோடு பல்லைக் காட்டிச் சிரிப்பவன் நான்தான். நான் காணாமல் போகவில்லை. எங்கள் பக்கத்தில் மஞ்சள் நீராட்டு ஆனாலும் மரணம் ஆனாலும் பேனர் வைப்பவன் படம் ஓரத்தில் இருக்கும். அந்தப் பழக்கத்தில் என் படத்தையும் கொடுத்துவிட்டேன். என் மைத்துனர் கல்யாணத்தில் எடுத்த படம். அது காணாமல் போன பெண்ணின் படத்தைவிடப் பெரிதாக வந்துவிட்டது. பேனர் கட்டிய அன்று காலை பூஞ்சேரி கூட்டுரோட்டில் டீ குடித்தவர்கள் எல்லாரும், "இன்னா பூபாலா, உன்னை யாரு தேடினு கீறாங்க?" என்று கேட்டார்கள்.

2. இதைவிடப் பெரிய தவறு அந்தப் பேனரில் இருந்தது. நடுவில் இருக்கும் பெண் சுஷ்மிதா அல்ல. என் மகள் அன்பரசி. இருவரும் ஒரே தெரு, ஒரே வகுப்பு (பதினொன்று), ஒரே மாதிரி இரட்டைப் பின்னல். ஆறாம் வகுப்பு முதல் ஒட்டிக்கொண்டே திரிந்தவர்கள். மாமல்லபுரம் கடற்கரையில் போட்டோகிராபர் ஒருவர் இருவரையும் சேர்த்து எடுத்து, நின்ற இடத்திலேயே பிரிண்ட் போட்டுக் கொடுத்த படம் ஒன்றுதான் காசியம்மாள் வீட்டில் இருந்தது. அதைத்தான் பேனர் கடை மோசஸிடம் கொடுத்தேன். யாரை வெட்டிப் போட வேண்டும் என்று சொல்லாமல் டூட்டிக்குப் போய்விட்டேன். பிறகு கேட்டதற்கு மோசஸ் கெட்ட எண்ணம் இல்லாமல்தான் சொன்னார்: "அண்ணாத்த, இந்தப் பொண்ணு மூஞ்சிதான் பளிச்சுனு இருந்துச்சு. இன்னொண்ணு கருப்பா இருந்துச்சு, பிரிண்ட்ல எடுக்காது."

3. அன்று மாலையே பேனரை அவிழ்த்துவிட்டேன். சரியான படத்தோடு மறு பேனர் வைத்தோம். அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு தடவை சிரித்து முடித்துவிட்டார்கள் அல்லவா. இரண்டு நாளில் அனுமதி இல்லை என்று அதையும் கழற்றிவிட்டார்கள். ஆனால் முதல் பேனரை எங்கள் பகுதி காவல் நிலையத்தில் போனில் படம் எடுத்துக் கோப்பில் சேர்த்திருந்தது எனக்குத் தெரியாது. நேரில் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதியவன். எதுவும் எனக்குத் தாமதமாகத்தான் உறைக்கும்.

4. காசியம்மாளுக்குக் கணவர் இல்லை. கடற்கரை ஓரம் ஒரு ரிசார்ட்டில் அறை சுத்தம் செய்கிறார். விருந்தாளிகள் பிரிக்காமல் விட்டுப்போகும் சின்னச் சோப்புகளை வீட்டுக்குக் கொண்டுவருவார். ஜூன் மாதம் என் மகள் பிறந்தநாளுக்கு சுஷ்மிதா அப்படி ஒரு சோப்பைக் கலர் பேப்பரில் சுற்றிக் கொடுத்திருக்கிறாள். வகுப்பில் எல்லாரும் என்ன பரிசு என்று எட்டிப் பார்க்க, என் மகள் வெட்கப்பட்டுக்கொண்டு, "வெள்ளக்காரன் குளிச்ச மிச்சம்" என்று சொல்லிவிட்டாள். வகுப்பே சிரித்தது. அன்று முதல் சுஷ்மிதாவுக்கு "மிச்சம்" என்றே பெயர். இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். என் மகள் இதை வீட்டில் சொன்னபோது நானும் சிரித்தேன் என்பதைப் பதிவு செய்கிறேன்.

5. 07.08.2025 வியாழக்கிழமை மதிய இடைவேளையில் சுஷ்மிதா பள்ளியிலிருந்து கிளம்பியவள் வீடு வந்து சேரவில்லை. மறுநாள் புகார் கொடுத்தோம். ரசீது கொடுத்தார்கள், வழக்குப் பதியவில்லை. "பதினாறு வயசு, எவன் கூடவாச்சும் போயிருக்கும், டப்பு தீர்ந்தா தானா வரும்" என்று அங்கிருந்தவர் சொன்னார். காசியம்மாள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். ஊர் இதையே பேசும் என்று பயந்து, பேனரில்கூடப் பெயர் போட வேண்டாம், பள்ளியில் கேட்டால் செய்யூரில் அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார். கேட்டால்தானே சொல்வதற்கு? பள்ளியில் யாரும் கேட்கவே இல்லை.

6. கேட்காததற்குக் காரணம் என் மகள். அவர்கள் வகுப்பு ஆசிரியை நீண்ட விடுப்பில் இருப்பதால், வேறு வேறு ஆசிரியர்கள் வந்து வருகை எடுக்கிறார்கள். இரண்டு பிரிவும் சேர்த்து எழுபத்து நான்கு பிள்ளைகள். 11.08.2025 திங்கள் அன்று சுஷ்மிதா பெயரை வாசித்தபோது யாரோ, "மிச்சம் ஆப்சென்ட் டீச்சர்" என்றிருக்கிறார்கள். மறுபடியும் சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் என் மகள் கடைசி பெஞ்சிலிருந்து தலையைக் குனிந்துகொண்டு, "உள்ளேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டாள். மறுநாளும் சொன்னாள். பதினோரு வேலை நாட்கள் அப்படிச் சொல்லியிருக்கிறாள். ஏன் சொன்னாய் என்று பிறகு கேட்டதற்கு, தொடர்ந்து வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள், அவள் திரும்பி வந்தால் உட்கார இடம் வேண்டாமா என்றாள்.

7. 28.08.2025 அன்று நிலையத்திலிருந்து இருவர் பள்ளிக்குப் போனார்கள். வருகைப் பதிவேட்டைப் பார்த்தார்கள். புகார் கொடுத்த நாள் ஒன்றைத் தவிர, சுஷ்மிதா ஒரு நாள் விடாமல் வந்திருக்கிறாள். போனில் இருந்த பேனர் படத்தைக் காட்டி இந்தப் பெண் இருக்கிறாளா என்று கேட்டார்கள். இருக்கிறாள் என்று என் மகளைக் கூட்டிவந்து நிறுத்தினார்கள். "இது நீதானே?" என்று படத்தைக் காட்டிக் கேட்டிருக்கிறார்கள். அவள் படம்தானே ஐயா, ஆமாம் என்றாள். பெயரை யாரும் கேட்கவில்லை. அவளுக்கும் நடுக்கத்தில் சொல்லத் தோன்றவில்லை. "உங்கம்மா அழுதுகினு கீது, நீ இங்க ஜாலியா கீறியா?" என்று திட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

8. அங்கிருந்து நேராக ரிசார்ட்டுக்குப் போய், பெண் கிடைத்துவிட்டாள், தினமும் பள்ளிக்கு வருகிறாள், மாலை மணி அடித்ததும் கூட்டிக்கொண்டு போ என்று காசியம்மாளிடம் சொல்லி, ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அவருக்குத் தன் பெயரை எழுத மட்டும் தெரியும். சந்தோஷத்தில் இரண்டு இடத்தில் போட்டுக் கொடுத்திருக்கிறார். அரை நாள் லீவு சொல்லிவிட்டு, மிளகாய் பஜ்ஜியும் தலைக்கு ஒரு முழம் பூவும் வாங்கிக்கொண்டு மூன்றரை மணிக்கே பள்ளி வாசலில் போய் நின்றார்.

9. நாலு மணி பத்து நிமிடத்துக்கு மணி அடித்தது. எல்லாப் பிள்ளைகளும் வெளியே வந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியாக என் மகள் வந்தாள். வாசலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், சோப்பு முதல். காசியம்மாள் அடிக்கவில்லை. "நீ உள்ளேன் உள்ளேன்னு சொல்லிக்கினே இருந்த. எம்பொண்ணு தூரமா போய்க்கினே இருந்துகீறா" என்றார். பூவை அங்கேயே விட்டுவிட்டு, பஜ்ஜிப் பொட்டலத்தை என் மகள் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார்.

10. அன்று முதல் என் மகள் வருகை எடுக்கும்போது வாய் திறப்பதில்லை. தன் பெயருக்கும் பதில் சொல்வதில்லை. வகுப்பில் உட்கார்ந்துகொண்டே பதினோரு நாள் ஆப்சென்ட் ஆகிவிட்டாள். பெயரை நீக்க நேரிடும் என்று பள்ளியிலிருந்து எனக்குக் கடிதம் வந்துள்ளது. சாப்பாடு இறங்குவதில்லை. அந்தச் சோப்பைப் பிரிக்காமல் ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்திருக்கிறாள். தான் சொன்ன ஒரு வார்த்தையால்தான் சுஷ்மிதா ஊரை விட்டுப் போனாள் என்று நம்புகிறாள். நான் தமாஷாகப் பேசிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். பலிக்கவில்லை.

11. நிலையத்துக்கு நான்கு தடவை போனோம். முடித்த கோப்பைத் திறக்க முடியாது, தாயே கையெழுத்துப் போட்டிருக்கிறாரே என்கிறார்கள். நாற்பத்தோரு நாட்கள் ஆகிவிட்டன.

ஆகவே ஐயா அவர்கள், கிடைத்ததாக எழுதியதை ரத்து செய்து, வயது குறைந்த பெண் என்பதால் முறைப்படி வழக்குப் பதிந்து, சுஷ்மிதாவைத் தேடத் தனியாக ஒருவரையாவது நியமிக்குமாறு வேண்டுகிறேன். பேனர் தவறுக்கும் பொய் வருகைக்கும் விசாரணை வேண்டுமானால் என்னைக் கூப்பிடுங்கள், குழந்தையை வேண்டாம். சுஷ்மிதாவின் சரியான படத்தை இணைத்துள்ளேன். கருப்பாகத்தான் இருப்பாள். தயவுசெய்து உற்றுப் பார்க்கவும்.

இணைப்பு: மனு ரசீது நகல், பேனர் படம், சுஷ்மிதாவின் படம், பள்ளிக் கடிதம்.

இடம்: செங்கல்பட்டு
நாள்: 17.09.2025

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
கோ. பூபாலன்
காசியம்மாள்

ஐயா, மேலே உள்ளது நான் சொல்லச் சொல்ல, மனு எழுதித் தரும் அப்பாசாமி எழுதியது. அவர் ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்துக் காட்டித்தான் அடுத்த வரி எழுதுவார். காசியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். அதனால் இதைச் சொல்ல முடியவில்லை. அவர்கள் டீ குடிக்கப் போயிருக்கும்போது என் கையால் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் மன்னிக்கவும்.

அந்த வியாழக்கிழமை மதியம் ஒன்று நாற்பதுக்கு, இரண்டாம் ஷிப்டுக்கு ஆள் ஏற்ற மறைமலைநகர் நோக்கிக் காலி வண்டியை ஓட்டிவந்தேன். பூஞ்சேரி தாண்டி சுஷ்மிதா கை காட்டினாள். வெளியாட்களை ஏற்றக்கூடாது என்பது கம்பெனி ரூல். ஆனாலும் அவளை எத்தனையோ நாள் ஏற்றியிருக்கிறேன், நிறுத்துவேன் என்று அவளுக்குத் தெரியும். அன்று வண்டியை ஸ்லோ பண்ணி, ஜன்னலில் தலையை நீட்டி, "இன்னிக்கு மிச்சம் மீதியெல்லாம் ஏத்தறதில்ல" என்று சொல்லிவிட்டு ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டேன். வளைவில் திரும்பும்போது அவள் பக்கத்தில் பச்சை நிற லோடு வண்டி ஒன்று வந்து நின்றதைக் கண்ணாடியில் பார்த்தேன். டிஎன் 19, கடைசி எண்கள் 46. தேட வேண்டியது அந்த வண்டியை. இதை நிலையத்திலும் சொல்லவில்லை, காசியம்மாளிடமும் சொல்லவில்லை. எல்லாம் தன்னால்தான் என்று அழுகிற என் மகளிடமும் சொல்லவில்லை.

அந்த வளைவு வரைக்கும் அவள் காட்டிய கையை இறக்கவில்லை ஐயா. நான் தமாஷ் பண்ணுகிறேன், கொஞ்சம் தள்ளி நிறுத்திவிடுவேன் என்று, சிரித்துக்கொண்டே பின்னால் ஓடி வந்தாள்.