மாம்பழச்சாலை தாண்டினால் வரும் வாயு

அன்பு அக்கா,

நீ இருந்திருந்தால் இந்தக் கோபத்தை நேரில் காட்டியிருப்பேன். நீ சிரித்துக்கொண்டே காபி கலக்கப் போயிருப்பாய். இப்போது தப்பிக்க முடியாது, கேள்.

உனக்கு வந்த அதே வாயு உன் மகள் வைதேகிக்கும் வந்துவிட்டது. கன்டோன்மென்ட்டில் இருக்கும் ஆபீசுக்குப் போகிற வழியில், பஸ் மாம்பழச்சாலையைத் தாண்டிக் காவிரிப் பாலத்தில் ஏறியதும் நெஞ்சு அடித்துக்கொண்டு, கை மரத்து, மூச்சு முட்டியிருக்கிறது. மறுபடியும் அதே இடத்தில். பிறகு மாம்பழச்சாலையிலேயே இறங்கி வீடு திரும்ப ஆரம்பித்தாள். வேலையை விடப்போவதாகச் சொன்னாள்.

அத்திம்பேர் என்ன சொன்னார் தெரியுமா? "அப்படியே உங்கம்மா உடம்புடி உனக்கு. வாயு. ஓமத்தைக் கொதிக்க வச்சுக் குடி."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "மாம்பழச்சாலை தாண்டினா இவளுக்கு வாயு வந்துடும்" என்று கல்யாண வீடுகளில் அவர் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள், நீயும்தான். பாலம் தாண்டிப் போகிற உறையூர்ப் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் வேலையை விட்டபோதும் வயிறு சரியில்லை என்றுதான் சொன்னாய். வைதேகியின் பட்டமளிப்பு விழா பாலத்தைத் தாண்டித்தான் நடந்தது. நீ வரவில்லை. அது அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

பாலத்தைப் பார்த்து வரும் வாயு எந்த ஊர் வாயு, அக்கா? பருப்பு உசிலி சாப்பிட்ட நாளிலும் வந்தது, ஏகாதசிப் பட்டினியிலும் வந்தது. கணக்கு டீச்சருக்கு இது உதைக்கவில்லையா? அத்தனை வருஷம் உன் வயிற்றை அமுக்கிப் பார்த்த டாக்டர், "கேஸ்தாம்மா" என்று மாத்திரை எழுதினார். எங்கே இருக்கும்போது வருகிறது என்று ஒரு தடவை கேட்டிருந்தால்? உன்னைக் கொண்டுபோனது சிறுநீரகம். ஆனால் அதற்கு வெகுநாள் முன்பே உன்னைக் காவிரிக்கு நடுவே நம் தீவுக்குள் பூட்டிவைத்தது இதுதான்.

வைதேகியை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். சின்ன வயசு டாக்டரம்மா. நாடி பார்த்தார், இசிஜி எடுத்தார், தைராய்டுக்கு ரத்தம் கொடுக்கச் சொன்னார். ரிப்போர்ட்டோடு மறுபடி போனோம், எல்லாம் சரியாக இருந்தது. நம் டாக்டர் அங்கேதான் நிறுத்துவார். இவர் கேட்டார்: "ரெண்டு வாரமா மனசு பதட்டமாவே இருக்காம்மா? கவலையை நிறுத்தணும்னு நெனச்சாலும் முடியலையா?"

"ரெண்டு கேள்வியில என்ன தெரிஞ்சிடும்?" என்றேன். என் சுபாவம் உனக்குத் தெரியுமே.

"ஒண்ணும் தெரியாதுங்க. மேல கேக்கணுமான்னு தெரியும்."

மேலே கேட்டார். தூக்கம், பாலம், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்பதுவரை. வெளியே காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள், அவர் அசையவில்லை. கடைசியில், "வீட்டுல வேற யாருக்காவது இப்படி இருந்திருக்கா?"

"இல்ல டாக்டர். அம்மாவுக்கு வெறும் வாயு..." என்றவள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அதான் பட்டமளிப்புக்கு வரலையா சித்தி?"

அதை நீயல்லவா சொல்லியிருக்க வேண்டும். அல்லது உனக்கே தெரியாதா?

இப்போது வாரம் ஒருமுறை மனநல ஆலோசகரிடம் பேசுகிறாள். மாத்திரை தேவைப்பட்டால் பிறகு. பயந்த இடத்தைவிட்டு ஓட ஓட அது பெரிதாகுமாம். கொஞ்சம் கொஞ்சமாகப் பாலத்துக்குப் போக வேண்டுமாம். நேற்று அத்திம்பேர் ஓமத் தண்ணீரை நீட்டியபோது, "அப்பா, இது வாயு இல்ல, பயம். அம்மாவுக்கும் அதுதான்" என்றாள். அவர் டம்ளரைப் பிடித்தபடி நின்றார். எனக்கு இரக்கம் வரவில்லை. பிறகு வருமோ என்னவோ.

இன்று காலை அவளோடு பஸ்ஸில் ஏறினேன். மாம்பழச்சாலையில் எழுந்துவிட்டாள். "இறங்கிடலாமா சித்தி?"

"உன் இஷ்டம்டி."

கண்டக்டர், "எறங்குறதுன்னா எறங்குங்க, வழியில நிக்காதீங்க" என்றார். உட்கார்ந்தாள். பாலம் முழுக்க முன்சீட்டுக் கம்பியை விடவில்லை. முகம் வெளுத்துவிட்டது. ஆனால் பஸ் கடந்துவிட்டது, அவளும்தான்.

ஆபீசுக்குள் போய்விட்டாள். எதிரே டீக்கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நாளை அவள் பாதியில் இறங்கினாலும் திட்டமாட்டேன். ஆனால் இனி யாராவது உன் மாம்பழச்சாலைக் கதையைச் சொல்லிச் சிரித்தால், பந்தியென்றும் பார்க்காமல் எழுந்து நின்று சொல்வேன்: அவள் பயந்திருந்தாள், நாம் ஒருத்தரும் கேட்கவில்லை என்று. இது சத்தியம்.

ஆற்றுக்கு இந்தப் பக்கத்திலிருந்து,
உன் தங்கை