வெள்ளை லவ் பேர்டின் மூக்கு

இட்செல்,

சந்தைக்குப் போகிறேன். திங்கட்கிழமை ஆயிற்றே, வழக்கம்போல் பீன்ஸும் பன்றிக்கறியும் அடுப்பில் இருக்கிறது. முள்ளங்கி அரிந்து வைத்துவிட்டேன். எலுமிச்சை மட்டும் நீ பிழிந்துகொள்.

நீ வேலைக்குப் போனபின் பறவைத் தீனி விற்கிற நபோர் வந்தார். "வெள்ளைப் பொட்டைக்கு மூக்கு இன்னும் பழுப்பாகலையே, எப்பதான் முட்டை வைக்கும்?" என்று கேட்டேன். கூண்டில் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பொட்டையா? இது ஆணு, எவுலாலியாம்மா! வெள்ளைல மட்டும் ஆணுக்கு மூக்கு நீலமாகாது, ரோஸாவே இருக்கும். ரெண்டு ஆம்பளைய அடைச்சு வச்சுட்டு முட்டைக்குக் காத்துக் கெடக்கீங்களே!"

முட்டைப் பெட்டியைக் கழற்றிவிட்டேன்.

நேற்று விருந்தில், உன் அம்மா எதிரிலேயே, கூண்டைப் பார்த்து, "மூணு வருஷமா தின்னுது, ஒண்ணையும் காணோம்" என்றேன். நீ தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாய். "நான் பறவையத்தான்டா சொன்னேன்" என்று என் மகன் ஃபெர்மினிடம் சாதித்தேன்.

பறவைகள் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மூன்று வருஷம் உங்கள் கல்யாணத்துக்கு. அது அவனுக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

எவுலாலியா

கூண்டுக்குத் தண்ணீர் மாற்றிவிடு.

இன்னொன்று. இத்தனை நாள் திட்டியும் அந்த வெள்ளை இன்று காலையிலும் என் விரலில் வந்து உட்கார்ந்தது. உன்னிடம் அவ்வளவு கேட்க மாட்டேன். பசியோடு மட்டும் இருக்காதே.